மலைநாட்டில் ரோஸ்மேரி, டீ ட்ரீ எண்ணெய்: தலைக்கு யார் யார் பாவித்திருக்கிறீர்கள்?

பண்டாரவளைத் தேயிலை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத் தலைப் பிரச்சினை. எனக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதம், சீப்பு வைத்தால் கொத்தாக வருகிறது. அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார், அவருக்கு உச்சிக்கு முன்னால் ஒரு பட்டை மாதிரி முடி மெலிந்துவிட்டது. தங்கச்சி ஓ.எல். படிக்கிறாள், அவளுக்குப் பொடுகு, அரிப்பு.

டிக்டொக்கைத் திறந்தால் ரோஸ்மேரிதான். டவுன் கடையில் 10 மில்லி போத்தலில் ரோஸ்மேரி, டீ ட்ரீ, பெப்பர்மின்ட், லாவண்டர் நாலும் இருக்கின்றன. நாலையும் தேங்காய் எண்ணெயில் கலந்து மூன்று பேரும் பாவிக்கலாமா? எத்தனை சொட்டு? பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் மூடுபனி

நாலையும் கலந்தால் மூக்கடைப்பு கட்டாயம் போகும். முடிக்கு நான் பொறுப்பில்லை 😄

நானும் கேட்கத்தான் இருந்தேன். எனக்கு நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. இழையைப் பின்தொடர்கிறேன்.

நாவலப்பிட்டி மருந்துக்கடை

தங்கச்சி, நீங்கள் எழுதியது மூன்று வேறு வேறு பிரச்சினை. ஒரே போத்தலால் மூன்றையும் தீர்க்க முடியாது. முதலில் எண்ணெயைப் பற்றிச் சொல்கிறேன்.

கடையில் சின்னப் போத்தலில் விற்பது ஆவியில் வடித்த எண்ணெய். கிலோக் கணக்கில் இலை போட்டுச் சில மில்லிதான் எடுப்பார்கள். அவ்வளவு காரம். அதை நேராகத் தலையில் ஊற்றக் கூடாது. 30 மில்லி சாதாரண எண்ணெயில் 6 சொட்டு போட்டால் ஏறக்குறைய ஒரு சதவீதம், 12 சொட்டு போட்டால் இரண்டு சதவீதம். தலைக்கு அதற்கு மேல் வேண்டாம். நாலு வகை சேர்த்தாலும் மொத்தம் அந்த 12 சொட்டுக்குள்தான். ஒவ்வொன்றிலும் 12 போட்டுவிட்டு எரிகிறது என்று கடைக்கு வருகிறவர்கள் உண்டு.

கலந்ததை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால், அரித்தால் அது உங்களுக்கு ஆகாது.

இனி ஆராய்ச்சி. ரோஸ்மேரிக்கு எல்லோரும் காட்டுவது 2015இல் ஈரானில் செய்த ஒன்று. பரம்பரையாக முடி மெலிகிற 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோஸ்மேரி, மறுபாதிக்கு 2 சதவீத மினொக்சிடில் (முடி வளரத் தலையில் பூசுகிற மருந்து) கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் இரண்டு பக்கமும் சொல்லும்படி மாற்றமில்லை. ஆறாம் மாதத்தில் இரண்டிலும் முடி எண்ணிக்கை கூடியது, ஏறக்குறைய ஒரே அளவில். அரிப்பு மினொக்சிடில் பக்கத்தில் கூடுதல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றுமே போடாத மூன்றாவது கூட்டம் அதில் இல்லை. ஆண்களுக்கு இப்போது பெரும்பாலும் கொடுப்பதும் 5 சதவீத மினொக்சிடில்.

பெப்பர்மின்ட் கதை எலியில் பார்த்தது. எலிக்கு முடி வளர்ந்தது உண்மை. மனிதருக்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது.

டீ ட்ரீ (நம் தேயிலை இல்லை, அவுஸ்திரேலிய மரம் ஒன்று) பொடுகுக்கு. 2002இல் அவுஸ்திரேலியாவில் 126 பேருக்கு 5 சதவீத டீ ட்ரீ ஷாம்பு கொடுத்துப் பார்த்தார்கள். நாலு வாரத்தில் பொடுகு 41 சதவீதம் குறைந்தது, வெறும் ஷாம்பு போட்டவர்களுக்கு 11 சதவீதம். அது ஷாம்பு என்பதைக் கவனியுங்கள். தலையில் மூன்று நிமிடம் வைத்துக் கழுவிவிட்டார்கள், எண்ணெயில் கலந்து ஊறவைக்கவில்லை.

லிந்துலை மேட்டு லயம்

அம்மாவுக்கு எண்ணெய் தேடுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன் மகள். அந்தப் பட்டை, தலையில் மாட்டுகிற கொழுந்துக் கூடையின் கயிறு விழுகிற இடமா?

நான் முப்பது வருசத்துக்கு மேல் மலைக்குப் போனவள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த இடத்தில் முடி இல்லை. காலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் வரை கயிறு அங்கேயே அழுத்தும், பச்சைக் கொழுந்து நனைந்திருந்தால் பாரம் இன்னும் கூடும். யாரும் அதை வியாதி என்று சொன்னதில்லை, வயசு என்று விட்டுவிடுவோம். கயிற்றுக்குக் கீழே துண்டை நாலாக மடித்து வைத்தால் கொஞ்சம் தாங்கும். கயிறு விழும் இடத்தை அன்றாடம் ஒரு விரல் முன்னே பின்னே மாற்றவும் வேண்டும். தோளில் மாட்டுகிற பை கொடுத்திருக்கிற தோட்டமென்றால் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

கண்டி வார்டு நர்ஸ்

லிந்துலை அம்மா சரியாகப் பிடித்துவிட்டார். இழுபட்டும் உராய்ந்தும் முடி போவது தனி வகை. ஆரம்பத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வரும். பல வருசம் ஓடி வேர்த் துளையே தழும்பாகிப் போனால் ரோஸ்மேரியும் வராது, மினொக்சிடிலும் வராது. தொட்டுப் பாருங்கள். தோல் வழவழப்பாக, துளையே தெரியாமல் மினுங்கினால் ஒருமுறை தோல் கிளினிக்கில் காட்ட வேண்டும். கண்டி, பதுளை, நுவரெலியா அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பார்க்கலாம், காசு இல்லை.

உங்களுக்கு நடப்பது பிள்ளைப் பேற்றுக்குப் பிறகு வருகிற உதிர்வு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கொட்டாமல் நின்ற முடி, பிறந்து இரண்டு, மூன்று மாதம் கழித்து ஒன்றாகக் கொட்டும். பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு வயதாகும் முன் தானாக நிற்கும். டெங்கு, டைபொயிட் போன்ற கடுமையான காய்ச்சலுக்குப் பிறகும் இதே கணக்குத்தான். அந்த நேரத்தில் யார் எந்த எண்ணெய் பூசினாலும் அந்த எண்ணெய்க்குத்தான் பெயர் போகும்.

ஆனால் இரத்தம் குறைவா என்று பாருங்கள். நம் பக்கத்துப் பெண்களிடம் இது அதிகம். ஹீமோகுளோபின் மட்டும் பார்க்காமல் முடிந்தால் பெரிட்டினும் (உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுகிற இரத்தப் பரிசோதனை) பாருங்கள். கிளினிக்கில் தந்த இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறவர்களை அன்றாடம் பார்க்கிறேன். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பு உறிஞ்ச விடாது. ரொட்டியோடு குடிக்கிற பிளேன்டீக்கும் அதேதான். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணியோடு எடுத்தால் இன்னும் நல்லது. தேயிலை பறிக்கிற ஊரில் இதைச் சொன்னால் முறைப்பார்கள், பரவாயில்லை.

இன்னொன்று முக்கியம். கைப்பிள்ளை இருக்கும் வீட்டில் பெப்பர்மின்ட், யூகலிப்டஸ், கற்பூரம் சேர்ந்த எதையும் தலையில் பூசிக்கொண்டு பிள்ளையை நெஞ்சில் போட வேண்டாம். அந்த வாசம் மூக்கருகே பட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சு அடைக்கலாம். உங்கள் பட்டியலில் பெப்பர்மின்டை இப்போதே வெட்டிவிடுங்கள்.

பசறை மூலிகை

எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சி, சதவீதம். நம் ஆத்தாமார் என்ன ஈரான் ஆராய்ச்சி பார்த்தா கையாந்தகரை (கரிசலாங்கண்ணி) போட்டு எண்ணெய் காய்ச்சினார்கள்? கறிவேப்பிலை, நெல்லி, செவ்வரத்தை, வெட்டிவேர் எல்லாம் தோட்டத்து வேலியிலேயே கிடைக்கும். ஆயுர்வேதக் கடையில் நீலியாதி தைலம் என்ற தலை எண்ணெய் இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு வெளிநாட்டு ரோஸ்மேரிக்கு ஏன் காசு கொட்ட வேண்டும்?

நாவலப்பிட்டி மருந்துக்கடை

பசறை அண்ணே, காசு விஷயத்தில் நீங்கள் சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இரண்டும் ஒரே பொருள் இல்லை. கையாந்தகரையைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சும்போது எண்ணெயில் கரைகிறதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இறங்கும், காரம் குறைவு, முழுத் தலைக்கும் தேய்க்கலாம். ஆவியில் வடித்ததில் பறக்கிற பொருள் மட்டும்தான், ஆனால் செறிவாக. காய்ச்சிய எண்ணெயைத் தேய்க்கிற மாதிரி இதைத் தேய்த்தால் தோல் வெந்துபோகும். அதே போல 6 சொட்டுக் கணக்கை நீலியாதிக்குப் போட்டாலும் அர்த்தமில்லை.

தேங்காய் எண்ணெய்க்கு ஒரு நல்ல பெயர் நிச்சயம் உண்டு. கழுவும்போதும் சீவும்போதும் முடியிலிருந்து புரதம் போவதை அது குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெய்க்கோ மினரல் எண்ணெய்க்கோ அந்த வேலை வராது என்று 2003இல் இந்தியாவில் பார்த்திருக்கிறார்கள். முடி உடைவது குறையும். வேரிலிருந்து புதிதாக முளைப்பது வேறு விஷயம்.

பசறை மூலிகை

உடைவது குறைந்தால் நீளமாகத்தானே தெரியும். அதைத்தான் ஆத்தா வளர்கிறது என்றார். சரி, அந்த அளவில் ஒத்துக்கொள்கிறேன். மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நுவரெலியா நாற்றுமேடை

ரோஸ்மேரியை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை அண்ணே. எங்கள் குளிருக்கு அது நன்றாக வருகிறது. ஒரு கிளையை ஒடித்து மணலில் நட்டாலே வேர் பிடிக்கும். தண்ணீர் தேங்கினால்தான் அழுகிவிடும். மே தொடங்கி செப்டெம்பர் வரை நம் பக்கம் மழை கொட்டுவதால் மேட்டுப் பாத்தியிலோ சட்டியிலோ வையுங்கள். பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்களில் கச்சான் காற்று அடித்து வறண்டு கிடக்கும், அங்கே இன்னும் சுகமாக வளரும்.

வீட்டில் வடிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பிரஷர் குக்கரில் குழாய் மாட்டி வீடியோ போடுகிறார்கள், செய்யாதீர்கள். குழாய் அடைத்தால் வெடிக்கும், கிடைப்பதும் ஒரு கரண்டி கூட இல்லை. இலையைக் காய வைத்து நல்லெண்ணெயில் ஊறப் போடுங்கள், போதும். இலை ஈரமாக இருந்தால் எண்ணெய் பூஞ்சணம் பிடிக்கும். கொதிக்க வைத்த ரோஸ்மேரித் தண்ணியை ஸ்பிரே பண்ணுகிறவர்கள் பிரிட்ஜில் வைத்து ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள்.

மாத்தளை மிளகு

டூரிஸ்ட் வருகிற வாசனைத் தோட்டத்தில் வேலை செய்தவன் சொல்கிறேன். கறுவா எண்ணெய், கராம்பு எண்ணெய் முடிக்கு என்று யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம். கறுவாப் பட்டை எண்ணெய் தோலைக் கடிக்கும். கறுவா இலை எண்ணெயில் பெரும்பங்கு யூஜினோல், கராம்பிலும் அதுதான். பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைக்கிற சாமான் அது. தலையில் சூடு ஏறுகிறது, இரத்தம் ஓடுகிறது, அதனால் முடி வளரும் என்று கதை சொல்வார்கள். அது எரிச்சல், வேறொன்றும் இல்லை.

வாங்கும்போது பார்க்க ஒரு வழி: வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். எண்ணெய்க் கறை பளபளவென்று நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. ஆனால் செயற்கை வாசனை கலந்ததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. போத்தலில் செடியின் தாவரவியல் பெயர் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் போத்தலில் விற்றால் தள்ளிப் போங்கள்.

கொட்டகலை டீச்சர்

பேன் பற்றியும் எழுதிவிடுகிறேன், என் வகுப்பில் ஒவ்வொரு தவணையும் இதுதான். பெற்றோர் என்னவெல்லாம் பூசி அனுப்புகிறார்கள் தெரியுமா? தேங்காய் எண்ணெயில் கற்பூரம். மண்ணெண்ணெய். சீத்தாப்பழ விதை அரைத்தது. லயத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்த் தலையோடு ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். சீத்தாப்பழ விதை கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். கற்பூரம் சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரவைக்கும். இப்போது டீ ட்ரீ எண்ணெயை அப்படியே தேய்த்து அனுப்பத் தொடங்கிவிட்டார்கள், காதுக்குப் பின்னால் தோல் உரிந்து வருகிறது.

நாவலப்பிட்டி மருந்துக்கடை

டீச்சர் சொன்னதோடு சேர்த்து: பேனுக்கு 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன், பத்து நிமிடம், பிறகு கழுவ வேண்டும். ஒன்பது நாள் கழித்து இன்னொரு தடவை, ஏனென்றால் ஈருக்கு அது சரியாக வேலை செய்யாது. இடையில் ஈரத் தலையில் கண்டிஷனர் பூசி ஈர்கோலியால் வாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். எண்ணெய் வாசம் பேனை ஓட்டும் என்று நம்பி ஒரு மாதம் போக்கினால் முழு வகுப்புக்கும் பரவும்.

யூகலிப்டஸையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அந்தப் போத்தல் எப்போதும் ஜன்னல் கட்டையில் நிற்கும். பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போத்தலையும் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கொஞ்சம் உள்ளே போனாலே மயக்கமும் வலிப்பும் வரலாம்.

பண்டாரவளைத் தேயிலை

எல்லோருக்கும் நன்றி. லிந்துலை அம்மா, கயிறு விழுகிற இடமேதான். அம்மாவிடம் கேட்டேன், எல்லோருக்கும் அப்படித்தானே என்கிறார். துண்டு மடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், கிளினிக்கிலும் காட்டுகிறேன்.

தங்கச்சியின் பொடுகுதான் இப்போது. அவள் வாரம் இரண்டு நாள் இரவில் தேங்காய் எண்ணெய் நிறைய வைத்து, காலையில் குளித்து, ஈரத்தோடு இரட்டைப் பின்னல் போட்டு ஸ்கூலுக்குப் போகிறாள். டீ ட்ரீயை அந்த எண்ணெயிலேயே விடலாம் என்று நினைத்தேன். இன்னொரு சின்னச் சந்தேகம், குளிரில் எண்ணெய் கட்டியாக இருக்கிறது, சொட்டு எப்படிக் கலக்கும்?

கண்டி வார்டு நர்ஸ்

பொடுகுக்கு இரவு முழுக்க எண்ணெய் ஊறவைப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். பொடுகைக் கிளப்புவது தலையில் எல்லோருக்கும் இருக்கிற ஒருவகைப் பூஞ்சை. அதற்குச் சாப்பாடே கொழுப்பு. எண்ணெய் போட்டால் செதில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது, அதனால் குறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கெட்டொகொனசோல் 2 சதவீத ஷாம்பு வாரம் இரண்டு தடவை, நுரை மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையில் நிற்க வேண்டும், நாலு வாரம். டீ ட்ரீதான் வேண்டுமென்றால் டீ ட்ரீ ஷாம்பாக வாங்குங்கள்.

ஈரப் பின்னல் அதைவிட மோசம். மூடுபனி மாதங்களில் அந்தப் பின்னல் மத்தியானம் வரை காயாது. சனி, ஞாயிறு வெயில் வந்த பிறகு குளிக்கச் சொல்லுங்கள், கிழமை நாளில் என்றால் ஸ்கூல் விட்டு வந்து. கொழுந்துக்குப் போகிற அம்மாமாருக்கும் இதே பிரச்சினைதான், ஈரத் தலைக்கு மேல் துண்டு, அதற்கு மேல் கூடை. ஆனால் அவர்களுக்கு வேறு நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்கும் பதில் வராது.

வட்டமாக முடி கொட்டி, செதிலும் கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால் அது பொடுகில்லை, தலைப் படர்தாமரை. அதற்கு வாயால் எடுக்கிற மருந்துதான். செதிலே இல்லாமல் வழவழவென்று வட்டமாக விழுந்தால் புழுவெட்டு. 1998இல் ஸ்கொட்லாந்தில் புழுவெட்டுக்குத் தைம், ரோஸ்மேரி, லாவண்டர், செடார் மர எண்ணெய் நாலையும் கலந்து ஏழு மாதம் தேய்த்துப் பார்த்தார்கள். 44 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், வெறும் எண்ணெய் தேய்த்தவர்களில் 15 சதவீதம். கலவை எண்ணெய்க்கு நான் பார்த்ததில் நல்ல சாட்சி இதுதான். ஆனால் புழுவெட்டு தானாகவும் ஆறுகிற வியாதி.

நுவரெலியா நாற்றுமேடை

கட்டி எண்ணெய்க்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய் உருகியிருப்பதைப் பார்ப்பதே அபூர்வம். 24 பாகைக்குக் கீழே போனால் உறைந்துவிடும். அடுப்பில் நேராக வைக்காதீர்கள். போத்தலைச் சுடுதண்ணிப் பாத்திரத்தில் வைத்து உருக்கி, வெளியே எடுத்து, சூடு தணிந்த பிறகு சொட்டு விடுங்கள். சூட்டில் விட்டால் வாசம் வீட்டுக்குப் போய்விடும், தலைக்கு ஒன்றும் மிஞ்சாது. கட்டியின் மேலேயே விட்டால் ஒரே இடத்தில் காரம் தங்கும். எனக்குக் கேட்டால் நல்லெண்ணெய்தான் சுலபம், உறையாது. கொஞ்சமாகக் கலந்து சீக்கிரம் முடியுங்கள்.

மாத்தளை மிளகு

மிச்சப் போத்தலைக் கறுப்புக் கண்ணாடியில், மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காற்றுப் பட்டுப் பழசான டீ ட்ரீயும் லாவண்டரும் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது கூடும். ரப்பர் சொட்டான் மாட்டி வைத்தால் ரப்பர் இளகி உள்ளே விழும்.

ஹட்டன் மூடுபனி

எல்லோருக்கும் வழி சொன்னீர்கள், என் நெற்றியை யாரும் கவனிக்கவில்லை. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே நெற்றிதான். ரோஸ்மேரி போடவா, மினொக்சிடில் போடவா?

நாவலப்பிட்டி மருந்துக்கடை

தம்பி, உங்களுடையதுதான் அந்த ஈரான் ஆராய்ச்சியில் பார்த்த வகை. ஆதாரம் கூடுதலாக இருப்பது மினொக்சிடிலுக்கு. ஆரம்பத்தில் சில கிழமை முடி இன்னும் கொட்டும், பயந்து நிறுத்தக் கூடாது. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். விட்டால் வந்தது போய்விடும், அதனால் தொடர்ந்து வாங்கக் கட்டுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். இருதய வருத்தம், பிரஷர் மாத்திரை ஏதாவது இருந்தால் டொக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வீட்டில் பூனை இருந்தால் பூசிய தலையணையில் படுக்க விடாதீர்கள், பூனைக்கு அது விஷம். டீ ட்ரீயும் அப்படித்தான்.

ரோஸ்மேரிதான் மனசுக்குப் பிடித்தால் 30 மில்லிக்கு 12 சொட்டு, ஆறு மாதம் விடாமல். வலிப்பு வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் வேண்டாம், அதில் கற்பூரச் சத்து இருக்கிறது. எதைப் போட்டாலும் இன்றைக்கே ஒரு படம் எடுத்து வையுங்கள். மாதத்துக்கு ஒன்று, அதே ஜன்னல், அதே வெளிச்சம், தலை காய்ந்த பிறகு.

ஹட்டன் மூடுபனி

பூனை இரண்டு இருக்கிறது. அப்படியென்றால் ரோஸ்மேரிதான். நாற்றுமேடை அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வந்தால் கிளை கிடைக்குமா?

நுவரெலியா நாற்றுமேடை

வாங்க தம்பி. மழை விட்ட பிறகு வாங்க.